திரெட்களை உருவாக்குவது எந்த நிரல்பகுதி? கண்டுபிடிக்க உதவுங்கள்

நாகர்கோவிலில் ரப்பர் ஷீட் வியாபாரிகளுக்கான பில்லிங் சர்வரைக் கவனித்துவருகிறேன். உபுண்டு 22.04, கெர்னல் 5.15, சி++ நிரல். மூன்று வாரங்களாக, மார்த்தாண்டம், குலசேகரம் கடைகள் திறந்ததும் திரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எண்ணிக்கை 40-லிருந்து 900-ஐத் தாண்டுகிறது. ஒரு பில் வர அரை நிமிடம். ஷீட்டைச் சுமந்து வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸில், திரெட்டை உருவாக்கும் குளோன் அழைப்பை மட்டும் வடிகட்டினேன், ஒன்றுமே சிக்கவில்லை. சி நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பு, குளோனுக்குப் பதில் குளோன்3-ஐ அழைக்கிறது என்பது பிறகே புரிந்தது. அதைச் சேர்த்ததும் எண்ணிக்கை வந்தது, சர்வர் தவழ்ந்தது. கெர்னலுக்குள்ளிருந்தே கண்காணிக்கும் பிபிஎஃப்ட்ரேஸில் யூபுரோப் (நிரலின் ஒரு செயற்கூறில் வைக்கும் கண்காணிப்புப் புள்ளி) வைத்தபோது வேகம் குறையவில்லை. ஆனால் அழைப்புத் தடம் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை) இரண்டு வரியோடு அறுந்துவிடுகிறது. இடையில் ஃபிரேம் பாயிண்டர் (அந்த வரிசையைப் பின்தொடர உதவும் குறிப்பு) இல்லாத வெளி நூலகம் ஒன்று இருக்கிறது, அதன் மூலநிரல் எங்களிடம் இல்லை.

மறுபடி கம்பைல் செய்யாமல், சர்வரை மெதுவாக்காமல், முழு அழைப்புத் தடத்தையும் எடுப்பது எப்படி?