சி-16: குடும்பக் குழுவில வந்த சிறைக் கதை

ராசன் மாமா: ⏩ [ஊர்வலப் படம்] "சி-16 சட்டம்! 'தே' என்று அழைக்காவிட்டால் சிறை! பெற்றோரே, வீதிக்கு வாருங்கள்!"

ராசன் மாமா: பிள்ளையள், இது உண்மையோ? கோயில் குழுவிலயும் வந்திருக்கு.

கஜன்: ரெட்டை அம்புக்குறியோட வந்திருக்கு மாமா. அஞ்சு கை மாறின சரக்கு.

தர்ஷினி: 'தே' எண்டது they, ஆண் பெண் எண்டு பிரிக்காமல் ஒருத்தரைச் சொல்லுற ஆங்கிலச் சொல். படம் 2023 செப்ரெம்பர் 20 ஊர்வலம். பள்ளிக்கூடப் பாலினக் கொள்கையளுக்கு எதிரா கனடா முழுக்க ஒரு கூட்டம், அதுக்கு எதிரா இன்னொரு கூட்டம். கனடா மத்திய அரசின்ர சி-16 சட்டமானது 2017 யூன் 19. ரெண்டையும் ஒட்டிப்போட்டாங்கள்.

கஜன்: சிறைக் கதை எங்கயிருந்து வந்தது?

தர்ஷினி: சி-16 ரெண்டு சட்டத்தைத் திருத்தினது. மத்திய மனித உரிமைச் சட்டத்தில, பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களோட பாலின அடையாளத்தையும் (ஒருத்தர் தன்னை ஆண், பெண், வேற எண்டு உணர்றது) வெளிப்பாட்டையும் (அதை வெளியில காட்டுறது) சேர்த்தது. குற்றவியல் கோவையில, இனவழிப்புக்கு ஆதரவா வாதாடுறது, பொது இடத்தில வெறுப்பைத் தூண்டுறது எண்ட பிரிவுகள் காக்கிற ஆக்களோட இவையையும் சேர்த்தது. வெறுப்பால செய்த குற்றத்துக்குத் தண்டனை கூடும். சிறை இருக்கிறது இந்தப் பக்கம். 'அவன், அவள், தே' பற்றி அதில ஒரு வரியும் இல்லை.

கஜன்: ஆனா ஒண்டுமே நடக்காது எண்டும் சொல்லேலாது அக்கா. 2021ல பிரிட்டிஷ் கொலம்பியா மனித உரிமைத் தீர்ப்பாயம் ஒரு உணவக வழக்கில 30,000 டொலர் இழப்பீடு போட்டது. 'தே' எண்டு கூப்பிடச் சொன்ன ஊழியரை ஒரு மேலாளர் விடாமல் 'சுவீட்ஹார்ட்', 'ஹனி' எண்டு கூப்பிட்டவர். கடைசியில வேலையாலயும் நிப்பாட்டிப்போட்டினம். வாய் தவறி ஒருக்காச் சொன்னதுக்கில்லை.

தர்ஷினி: ஓம், அது மாகாணச் சட்டம். மத்திய சட்டம் வங்கி, விமானம், தொலைபேசிக் கொம்பனி மாதிரி இடங்களுக்கு. உணவகம், பள்ளிக்கூடம், வாடகைவீடு மாகாணத்துக்குக் கீழ. ஒன்ராறியோ 2012லயே சேர்த்திட்டுது.

சுதா மாமி: பள்ளிக்கூடத்தில பெற்றோருக்குச் சொல்லாமல் பிள்ளையின்ர பேரை மாத்தினமாமே?

கஜன்: மாகாணத்துக்கு மாகாணம் வேற மாமி. நியூ பிரன்ஸ்விக் 2023ல 713ஆம் கொள்கையை மாத்தி, 16 வயசுக்குக் கீழ எண்டால் பெற்றோர் சம்மதம் வேணும் எண்டது. ஆட்சி மாறி, 2024 கடைசியில அதையும் திருப்பி மாத்திச்சினம். சஸ்காச்சுவானில அதே மாதிரிக் கொள்கைக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அரசாங்கம் விடேல்லை. 2023 ஒக்ரோபரில சட்டமாக்கி, உரிமைச் சாசனத்தை ஓரமா வைக்க விடுற 33ஆம் பிரிவைப் பாவிச்சது. சண்டை பிடிக்க வேணுமெண்டால் இதில பிடிக்கலாம். வீட்டில சொல்லப் பயப்பிடுற பிள்ளையை இப்பிடி மாட்டிவிடுறது பிழை எண்டுதான் நான் சொல்லுவன்.

சுதா மாமி: பெத்ததுகளுக்குத் தெரியாமல் நடக்கிறதும் சரியில்லை, தம்பி.

ராசன் மாமா: சட்டத்தை நானே பாக்கேலுமோ?

தர்ஷினி: பாராளுமன்றத்தின்ர லெஜிஸ்இன்ஃபோ தளத்தில 42ஆவது பாராளுமன்றம், முதலாம் கூட்டத்தொடரைத் தெரிவு செய்யுங்கோ. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் இலக்கம் புதுசாத் தொடங்கும். சும்மா சி-16 எண்டு தேடினா வேற சட்டம் வந்து நிக்கும். தீர்ப்புகளுக்குக் கான்லீ தளம், காசில்லை.

சுதா மாமி: 'தே' கேக்கிற பிள்ளையைத் தமிழில எப்பிடிச் சொல்லுறது?

கஜன்: எழுத்தில 'அவர்' பொது. எங்கட பேச்சில 'அவர்' ஆம்பிளை, 'அவா' பொம்பிளை எண்டாகிட்டுது. பேரைச் சொல்லி 'வருகினம்', 'சாப்பிட்டவை' எண்டு முடியுங்கோ. பிழைச்சா ஒரு சொல்லில திருத்திப்போட்டு மேல கதையுங்கோ. நீட்டி மன்னிப்புக் கேட்டா அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

ராசன் மாமா: கோயில் குழுவுக்கு என்ன எழுத?

தர்ஷினி: "படம் 2023. சி-16 சட்டம் 2017. அதில 'தே' சொல்லாததுக்குச் சிறை இல்லை. வேலையிடத்தில விடாமல் அவமதிச்சா இழப்பீடு வரலாம்." அந்தச் செய்திக்கே பதிலாப் போடுங்கோ மாமா, தனியப் போட்டா மேல போயிடும்.