14 வயது ஜிம்மி இரவில் ஊளையிடுகிறது: மறதி நோயா?

கேள்வி (கோண்டாவில்)

எங்கள் ஜிம்மி ஊர் நாய். 14 வயது. ஐந்து மாதங்களாகப் படலை திறக்கும் பக்கத்தை விட்டுப் பிணைச்சல் பக்கம் போய் நின்று காத்திருக்கிறது. கதவுக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துவிட்டால் பின்னால் வரத் தெரிவதில்லை. பகல் முழுக்க நித்திரை; இரவு 2 மணிக்கு எழும்பி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து ஊளையிடுகிறது. ஒருநாளும் இல்லாதபடி விறாந்தையில் சலம் பெய்கிறது. நேற்று மகள் தடவப் போனபோது உறுமியது. அவள் அழுதுவிட்டாள்.

அயலில் சிலர், விசர் பிடித்துவிட்டது, கொன்றுவிடுங்கள் என்கிறார்கள். நான் தையல் வேலை செய்கிறவள். மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது?

பதில் (சாவகச்சேரி)

தங்கச்சி, விசர் நோயின் (ரேபிஸ்) அறிகுறி தொடங்கிய நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். ஐந்து மாதமாக இப்படி நடமாடும் நாய்க்கு அது காரணமாக இருக்க முடியாது என்று அயலவர்களுக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் காட்டுங்கள். இந்த வருட ஊசி போடவில்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்துப் போட்டுவிடுங்கள். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படலையில் தடுமாறுவது, கதவிடுக்கில் மாட்டுவது, இரவு பகலாக மாறுவது எல்லாம் முதிய நாய்களின் மறதி நோயில் வருபவைதான். ஆனால் மற்ற நோய்களை விலக்கிய பிறகே வைத்தியர்கள் அந்த முடிவுக்கு வருவார்கள். ஆகவே மூளைக்கு என்று விற்கும் குளிசைகளில் உங்கள் காசைப் போடாதீர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மூட்டு, பல், கண், காது பார்க்கச் சொல்லுங்கள். காலைச் சலத்தைச் சுத்தமான போத்தலில் பிடித்துக் கொண்டுபோங்கள். விறாந்தையில் பெய்வதற்குக் கிருமித் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எதுவும் காரணமாகலாம். இரவு நடப்பதைக் கைபேசியில் படம்பிடித்து வைத்தியருக்குக் காட்டுங்கள்.

பதில் (சுன்னாகம்)

அக்கா, கிணற்றுக்கட்டு உயரம் குறைவாக இருந்தால் இன்றைக்கே வலை போட்டு மூடுங்கள். எங்கள் நாயும் இப்படித்தான் இருந்தது. ஒரு மாரி இரவில் கிணற்றில் விழுந்து, ஆள் இறங்கித்தான் தூக்கினோம்.

கட்டில், கதிரை, தண்ணீர்ச் சட்டி எதையும் இடம் மாற்றாதீர்கள். விறாந்தையில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். காலையிலும் பின்னேரமும் மெல்ல நடத்திக்கொண்டு போங்கள். பகலில் கொஞ்சம் விழித்திருந்தால் இரவில் தூங்கும். படுக்கும் இடத்தில் உங்கள் பழைய சேலையை விரியுங்கள், அந்த மணம் அதற்குத் தெரியும். மகள் பின்னால் போய்த் தொட வேண்டாம். முன்னால் வந்து கூப்பிட்டு, கையை மணக்கவிட்டுத் தடவட்டும். தேங்காயெண்ணெய் தினமும் ஒரு கரண்டி கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில் (சாவகச்சேரி)

எண்ணெய் வேண்டாம். மூளைக்காக ஆராயப்பட்டவை குறிப்பிட்ட சில கொழுப்புகள் சேர்த்த விசேட உணவுகள். தேங்காயெண்ணெய் அவற்றுக்கு ஈடாகாது. கூடிப்போனால் வயிற்றோட்டம் வரும், கணையமும் வீங்கலாம். வலிக்கு என்று பரசிட்டமோல், இபுப்ரோபன் போன்ற எங்கள் குளிசைகளையும் கொடுத்துவிடாதீர்கள். மறதி நோய்க்குச் செலிஜிலின் என்ற மருந்து சில நாய்களுக்கு உதவுகிறது. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், வேறு சில மருந்துகளோடு ஒத்துப்போகாது. வைத்தியர் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி கேட்டவர் (கோண்டாவில்)

கொண்டுபோய்க் காட்டினேன். சலத்தில் கிருமியாம். பின்னங்கால் மூட்டிலும் வலி இருக்கிறதாம். இரண்டுக்கும் மருந்து தந்தார். எல்லாம் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. நான்கு நாளாக விறாந்தை காய்ந்து கிடக்கிறது. ஊளை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மறதியும் இருக்கத்தான் வேண்டும், ஒரு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றார். படலையில் இன்னும் பிணைச்சல் பக்கம்தான் நிற்கிறது. கிணற்றுக்கு வலை போட்டாயிற்று. மகள் இப்போது கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் கிட்டப் போகிறாள். நேற்று அவள் கையை நக்கியது.