கார் இன்சூரன்ஸில் நெல்லை டிஎன் 72-க்கு ஒரு பிரீமியம், சென்னை டிஎன் 09-க்கு ஒரு பிரீமியமா? உங்கள் அனுபவம் என்ன?

தாமிரபரணித் தண்ணி

எனக்கும் பாளையங்கோட்டை மச்சானுக்கும் ஒரே மாடல் கார், 1197 சிசி பெட்ரோல். வாங்கியதும் ஒரே ஆடித் தள்ளுபடியில்தான். என் வண்டி சென்னை கே.கே. நகரில் பதிவானது, அவருடையது நெல்லையில். கம்பெனி ஒன்று, ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) ஒன்று, இருவரும் க்ளெய்ம் போட்டதே இல்லை. ஆனால் ரெனியூவலில் எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல். "பட்டணத்துல இருக்கீங்கல்லா அத்தான், கூடக் கொஞ்சம் குடுத்தாத்தான் என்ன" என்று சிரிக்கிறார்.

இரண்டு பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கானது) இரண்டிலும் 3,416 ரூபாய். அது 2022 ஜூனில் அரசு வைத்த தொகை, எந்த ஊருக்கும் மாறாது. வித்தியாசம் முழுக்க ஓன் டேமேஜில், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பகுதியில். என் பாலிசியில் 'ஸோன் ஏ', அவருடையதில் 'ஸோன் பி'.

2002 டாரிஃப் (எல்லா கம்பெனிக்கும் பொதுவாக இருந்த விலைப்பட்டியல்) படி ஏ என்றால் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே. மீதி இந்தியா முழுக்க பி. ஐந்து வயதுக்குள் இருக்கும் நம் மாதிரி காருக்கு ஏ-வில் ஐடிவியில் 3.283 சதவீதம், பி-யில் 3.191. எட்டு லட்சம் ஐடிவிக்குக் கணக்குப் போட்டால் 26,264-ம் 25,528-ம் வருகிறது. 736 ரூபாய்தான் வித்தியாசம். மீதிக்கு என்ன காரணம்?

மதுரை ஏஜென்ட்

அண்ணே, ஸோன் எல்லாம் இப்போது பிள்ளையார் சுழி மாதிரி, மேலே போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். 2007 ஜனவரியிலிருந்து ஓன் டேமேஜ் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். பழைய டாரிஃப் தொகையை எழுதி, அதற்கு மேல் தள்ளுபடி கொடுப்பார்கள். அந்தத் தள்ளுபடிதான் ஆர்டிஓவுக்கு ஆர்டிஓ மாறுகிறது. ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு 60 சதவீதம், மச்சானுக்கு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 10,500, அவருக்கு 7,650 பக்கம் வரும்.

அந்த எண் வண்டிகளுக்கு முன்பு எவ்வளவு க்ளெய்ம் கொடுத்தார்கள் என்பதுதான் அடிப்படை. நான் பார்த்தவரை சென்னை க்ளெய்மில் பாதிக்கு மேல் சில்லறைதான்: சிக்னலில் பைக் உரசியது, சைடு மிரர் போனது, பின் பம்பரில் ஆட்டோ முத்தம் கொடுத்தது. ஆனால் ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்கவே பில் எகிறும். எங்கள் பக்கம் அதையெல்லாம் டிங்கரிங் கடையிலேயே முடித்துவிடுவார்கள், க்ளெய்முக்கு வராது. வந்தால் நான்குவழிச் சாலையில் வாங்கிய பெரிய அடியாக வரும்.

இன்னொன்று, ஒரு கம்பெனிக்குப் பிடிக்காத ஆர்டிஓ இன்னொரு கம்பெனிக்குப் பிடிக்கும். மூன்று இடத்திலாவது கேளுங்கள். பம்பர் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாததற்கு ஓன் டேமேஜில் கிடைக்கும் தள்ளுபடி, 20-ல் தொடங்கி, ஐந்து வருடம் சும்மா இருந்தால் 50 சதவீதம். ஊர் வித்தியாசமெல்லாம் அதற்கு முன் தூசு.

வேளச்சேரி வாசி

மழையை விட்டுவிட்டீர்களே. 2015 டிசம்பரில் எங்கள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங் வரை தண்ணீர். சர்வேயர் வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தார், துணி பிழிவதுபோல் சேறு வடிந்தது. சீட், ஒயரிங் எல்லாம் கொடுத்தார்கள். இன்ஜினுக்குக் கிடையாது என்றார்கள். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தது ஒர்க்‌ஷாப்பில் தெரிந்துவிட்டது. (செய்தது என் தம்பி. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.) அப்போதிலிருந்து இன்ஜின் புரொடெக்ட் (தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் கொடுக்கும் கூடுதல் கவர்) இல்லாமல் பாலிசி எடுப்பதில்லை. மச்சான் அதை எடுத்திருக்க மாட்டார். ஆக, நமக்கு பில் கூடத்தான் செய்யும். 2023 மிக்ஜாம் அன்று வண்டியை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டேன், அங்கே ஏற்கெனவே பாதி வேளச்சேரி நின்றுகொண்டிருந்தது.

கோவை லோடு வண்டி

சரக்கு வண்டிக்கு இன்னும் வேடிக்கை. அதில் மூன்று ஸோன். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஏ. மற்ற மாநிலத் தலைநகரங்கள் பி. மீதி சி. திருவனந்தபுரம் பி, நம்ம கோயமுத்தூர் சி! அவிநாசி ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அந்தப் பட்டியலைப் போட்டிருக்கலாமுங்க. எனக்கு லாபம்தான், சத்தம் போடாமல் இருக்கிறேன்.

தாமிரபரணித் தண்ணி

அப்போ மச்சான் வண்டியை நான் வாங்கி, நெல்லை எண்ணிலேயே சென்னையில் ஓட்டினால்?

மதுரை ஏஜென்ட்

ஓட்டலாம் அண்ணே. பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், ஸோன் பார்ப்பதும் பதிவு எண்ணை வைத்துத்தான். ஆனால் ஆர்சியை 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள், 14 நாளுக்குள் கம்பெனிக்கும் சொல்லிப் பாலிசியை மாற்றுங்கள். முகவரியைச் சென்னை என்று உண்மையாகவே போடுங்கள். சில கம்பெனி பின்கோடும் பார்க்கும், அப்போது மச்சான் விலை வராது. அவருடைய நோ க்ளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு இல்லை.