பாட்டா ஜிவோயினோவிச்: நடிகரா, துப்பாக்கி தூக்கிய முகமா?

கருப்புவெள்ளை: இவரை யூகோஸ்லாவியாவோட மாபெரும் நடிகர்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. 300 படத்துக்கு மேல நடிச்சார், சரி. இரண்டாம் உலகப் போர்ப் படங்கள்ல ஜெர்மன்காரனைச் சுட்டதைத் தவிர வேற என்ன செஞ்சார்? 'நெரெத்வா போர்', 'பாலம்', 'வால்டர் சரயேவோவைக் காக்கிறான்'... எல்லாம் ஒரே மாவுல சுட்ட தோசை.

ரயிலடி: இயக்குநர் பெத்ரோவிச் 1965ல எடுத்த 'மூன்று' பாத்தீங்களா? பாட்டாவுக்கு மிலோஷ்னு வேஷம்; ஒரே ஆளு, போரோட மூணு கட்டம். ரயில் நிலையத்துல முன்பின் தெரியாத ஒருத்தனை ஒற்றன்னு சந்தேகப்பட்டுச் சுட்டுடறாங்க, இவன் பாத்துட்டு நிக்கிறான். அப்புறம் சதுப்பு நிலத்துல ஜெர்மன்காரங்க இவனையே துரத்துறாங்க. கடைசியில இவன் ஜெயிச்ச பக்கம். ஒரு பொண்ணைக் கொல்லக் கூட்டிட்டுப் போறாங்க. காப்பாத்தலாமா வேணாமாங்கிறது முழுக்க பாட்டா முகத்துலதான் நடக்குது. படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு.

கருப்புவெள்ளை: அந்தப் பெருமை பெத்ரோவிச்சுக்கு. 1967ல கான் விழாவுல பரிசு வாங்கின 'இறகு சேகரிப்பவர்கள்' படத்துக்கு அதே மனுஷன் நாயகனா பெகிம் ஃபெஹ்மியுவைத்தானே போட்டார்?

ரயிலடி: ஆமா, பாட்டாவுக்கு எதிராளி வேஷம், மிர்த்தா. சும்மா துப்பாக்கி முகம்னா அதைக் குடுத்திருப்பாரா?

பழைய_ரீல்: வால்டரை அவ்வளவு லேசா தள்ளாதீங்க. 1972 படம், பாட்டாதான் வால்டர். சீனாவுல தெருத்தெருவா இவரை அடையாளம் தெரியும், வால்டர்ங்கிற பேருல பீரே வந்துச்சு.

கருப்புவெள்ளை: வால்டர்னு சொன்னதும் எனக்கு வயிறு எரியுது. அந்தப் படத்தை எடுத்த க்ர்வாவாட்ஸ், செர்பியப் படைகளோட முற்றுகைக்குள்ள இருந்த சரயேவோவுல 1992ல செத்தார். அந்தக் காலத்துல நம்ம வால்டர் செர்பிய அதிபர் மிலோஷெவிச்சோட கட்சியில எம்.பி. 2002ல அந்தக் கட்சிக்காக செர்பிய அதிபர் தேர்தல்லயும் நின்னு தோத்தார்.

ரயிலடி: அரசியலுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா 1996ல வந்த 'அழகான கிராமங்கள் அழகாக எரிகின்றன' பாருங்க. பாட்டாவுக்கு க்வோஸ்டன்னு ஒரு கேப்டன் வேஷம், யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ சாவுக்கு நடந்தே போன ஆளு. இப்ப போஸ்னியாவுல ஒரு சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கிட்டு, தான் நம்பின நாடு இல்லாமப் போனதைப் புரிஞ்சுக்கிறான். இருபது வருஷம் பார்ட்டிசானா, அதாவது ஜெர்மன்காரங்களை எதிர்த்த போராளியா, நடிச்ச அதே உடம்புதான் அந்த வேஷத்துக்கு வேணும். வேற யார் செஞ்சாலும் எடுபடாது.

கருப்புவெள்ளை: அதை நான் பாக்கல. பாத்துட்டு வந்து சண்டை போடறேன். 'பாலம்' பத்தி மட்டும் என் கருத்து மாறாது.