லாகூர் இணையக் கடைக்குப் பணம் வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. துபாயில் என்னோடு வேலை பார்க்கும் லாகூர்க்காரர் ஒருவர் தம் ஊரில் குழந்தைகள் உடைக்கு இணையக் கடை தொடங்குகிறார்; தளம் அமைப்பது என் பொறுப்பு. சிக்கல் பணம் வாங்குவதில்தான். இணையவழிப் பணம் வாங்கித் தரும் பேபாலும் ஸ்டிரைப்பும் பாகிஸ்தான் வணிகர்களுக்குக் கணக்குத் தருவதில்லை. ஈஸிபைசா என்ற கைபேசிப் பணச் சேவை அங்கு 2009 முதல் இருக்கிறது, பாகிஸ்தானின் மைய வங்கியான ஸ்டேட் வங்கியின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான ராஸ்ட் 2021இல் வந்தது. ஆனாலும் பொருள் கைக்கு வந்த பிறகே காசு என்பவர்கள் அங்கு ஏராளம். (நம்மவர்கள் மட்டும் என்னவாம்!) வாசலில் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் கூரியர் செலவு கடைக்காரர் தலையில்.

ஆர்டரை உறுதிப்படுத்தச் சிறு முன்பணம் கேட்கலாமா, தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசினால் போதுமா? ஈஸிபைசா, அதே போன்ற ஜாஸ்கேஷ் இரண்டையும் ஒரே தளத்தில் இணைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? வெளிநாட்டு அட்டைகளை ஏற்க எந்த வழி நல்லது? நிறுவனப் பதிவை அவருடைய மைத்துனர் பார்த்துக்கொள்கிறார், அது வேண்டாம்.