பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்: பந்தலிலும் வார்டிலும் வகுப்பறையிலும் நாம் சந்திப்பவை

விழிப்புணர்வுத் தொண்டர், பிரிக்பீல்ட்ஸ்

பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் நாள். தைப்பூசமும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வருவதால், பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களிடம் ஓர் ஓரம் கேட்டு மேசை போடுவது நல்லது. குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான தங்கநிற ரிப்பனைக் குத்திவிட்டு அனுப்பினால் மட்டும் பயனில்லை. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சின்னப் பிள்ளைக்குமா கேன்சர் வரும்?" உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேருக்கு, 19 வயதுக்குள், வருகிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். முதல் பாதியோடு நிறுத்தினால் பயந்து நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி அம்மாக்களுடையது: "நான் சாப்பிட்டது ஏதாவது காரணமா?" இல்லை. பரம்பரைக் கூறு இருப்பது ஏறத்தாழ 10 சதவீதத்தில்தான். தொற்றவும் தொற்றாது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே இதைச் சொல்வது முக்கியம்.

கண்ணுக்கு ஒரு சோதனையை அங்கேயே காட்டலாம். மங்கிய வெளிச்சத்தில், கைப்பேசியின் சிவப்புக்கண் திருத்தத்தை அணைத்துவிட்டு, பிள்ளை நேராகப் பார்க்கும்போது ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டும். இரு கண்மணியும் சிவப்பாகத் தெரிவது இயல்பு. பக்கவாட்டில் பார்த்தால் நல்ல கண்ணும் சில சமயம் வெள்ளையாகத் தெரியலாம், அதனால் ஒரே படத்தை வைத்துப் பதறக் கூடாது. ஆனால் ஒரே கண்ணில் மறுபடி மறுபடி வெள்ளை தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ உடனே கண் டாக்டர். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. படம் சரியாக இருப்பதை வைத்துக் கண்ணில் ஒன்றுமில்லை என்று யாருக்கும் உறுதி தந்துவிடாதீர்கள்.

தாதி, கோலாலம்பூர்

தாமதம் எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். இன்று வீட்டுப் பக்கத்துக் கிளினிக், நான்கு நாள் கழித்து அப்பாவின் கம்பெனிக் கிளினிக், அடுத்த வாரம் பாட்டி வீட்டருகே இன்னொன்று. ஒவ்வொரு டாக்டருக்கும் அது முதல் நாள் காய்ச்சல். காய்ச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டியது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே பெற்றோரிடம் ஒரு தாள் கொடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, தினமும் எவ்வளவு ஏறியது, எந்தக் கிளினிக்கில் என்ன மருந்து. உடம்பில் ரத்தம் கன்றி வரும் நீலத் தடங்களைத் தேதியோடு படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு வெளிறிப்போவது, அடிபடாத இடத்தில் நீலத் தடம், ஈறில் ரத்தம், எலும்பு வலி இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். அது லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம், அன்றே எஃப்.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும்) ரத்தச் சோதனை கேளுங்கள். வெளிறலுக்குப் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்துப் பார்ப்பது நம் வீடுகளில் சகஜம். அதில்தான் வாரங்கள் போய்விடுகின்றன. மூட்டு வலி என்று, ரத்தம் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். லுகேமியா அணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, பிறகு செய்யும் எலும்பு மஜ்ஜைச் சோதனையே குழம்பும்.

எஃப்.பி.சி. சரியாக இருந்தால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், சொந்தக்காரர்கள் எல்லாரும் அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். சிறுநீரகக் கட்டியாக இருந்தால் அது உடைந்து பரவலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பினாங்கு

வகுப்பில் தெரிவது வேறு. கையெழுத்து திடீரென்று கோணலாவது, தலையைச் சாய்த்துக்கொண்டே பலகையைப் பார்ப்பது, நடையில் தள்ளாட்டம், காலையில் தலைவலியோடு வாந்தி. இவை மூளைக் கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம். சோம்பல் என்று எழுதிவிடாமல், தேதி போட்டு ஒரு கடிதமாகப் பெற்றோரிடம் கொடுத்தால் டாக்டரிடம் அது எடுபடும்.

கால் வலியில் ஒரு வேறுபாடு உண்டு. வளரும் பிள்ளைக்கு வரும் சாதாரண வலி இரண்டு காலிலும், பெரும்பாலும் இரவில் வந்து காலையில் போய்விடும், பிள்ளை நொண்டாது. ஒரே இடத்தில் நிலைத்த வலி, ஒரே காலில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, முழங்கால் பக்கம் வீக்கம் என்றால் எக்ஸ்ரே. பந்து விளையாடி விழுந்தான் என்பதால் பலரும் எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். எலும்புப் புற்றுநோயாக இருந்தால், ஏற்கெனவே அரித்துப்போன எலும்பு அதில் முறியலாம்.

தாதி, கோலாலம்பூர்

ஆசிரியருக்கு ஒன்று. சிகிச்சையில் இருக்கும் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது இரண்டு விஷயத்தைத் தலைமையாசிரியர் வரை தெரிவித்துவிடுங்கள். உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. பெற்றோரை அழைத்து நேரே ஆஸ்பத்திரி. அதே வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால், வேப்பிலை கட்டியதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம். மற்ற பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் முன்பே சொல்லிவையுங்கள். தெரிந்த அன்றே புற்றுநோய் வார்டுக்குப் போன் போக வேண்டும். சிகிச்சையில் உள்ள பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தருவதற்கு உள்ள அவகாசம் சில நாட்கள்தான்.