ஆரஞ்சுப் படிகம், பச்சைப் பொடி: 'அ' எந்தச் சேர்மம்?

குடியாத்தம் ப்ளஸ் டூ:
ரிவிஷன் டெஸ்ட்டில் வந்த கேள்வி. 'அ' என்ற ஆரஞ்சு நிறப் படிகம் 2.52 கிராம் எடுத்துச் சூடாக்கினால் தீப்பொறி பறந்து 1.52 கிராம் பச்சைப் பொடி 'ஆ' மிஞ்சுகிறது. நீராவியும் நிறமற்ற வாயு 'இ'யும் வெளியேறுகின்றன. 'இ'க்குள் மெக்னீசியம் நாடாவை எரித்தால் 'ஈ'. அதில் தண்ணீர் விட்டால் 'உ' வாயு. அது காப்பர் சல்பேட் கரைசலைக் கருநீலமாக்குகிறது. ஆரஞ்சு என்றதுமே பொட்டாசியம் டைகுரோமேட் என்கிறாள் தோழி. எனக்கு ஒட்டவில்லை. எங்கே இடிக்கிறது?

காட்பாடி பி.எஸ்சி.:
அம்மோனியம் டைகுரோமேட். எரிமலை சோதனைன்னு தேடிப் பாருங்க, வீடியோ கிடைக்கும்.

ராணிப்பேட்டை லேப்:
விடை சரிதான் தம்பி. ஆனா பாப்பா கேட்டது எங்கே இடிக்குதுன்னு.

நான் தோல் பதனிடுற டேனரி லேப்ல இருக்கேன். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம்னு மூணு டைகுரோமேட்டும் ஆரஞ்சுதான். லேபிளைக் கிழிச்சுட்டா கலரை வெச்சு நானே சொல்ல மாட்டேன். அதனால கடைசி வரியில இருந்து பின்னாடி வாம்மா. கருநீலம்னா 'உ' அம்மோனியா. தண்ணி பட்டு அம்மோனியா விடுற மெக்னீசியம் சேர்மம்னா 'ஈ' மெக்னீசியம் நைட்ரைடு. அப்போ 'இ' நைட்ரஜன். பொட்டாசியம் டைகுரோமேட்ல நைட்ரஜன் ஏது? அது 398 டிகிரியில சும்மா உருகும். இன்னும் ஏத்தினா ஆக்சிஜன்தான் விடும்.

எடையையும் விட்டுடாதே. 'அ'வோட மோலார் நிறை 252, 'ஆ'ங்கிற பச்சைக் குரோமிக் ஆக்சைடு 152. காணாமப்போன 100-ல நைட்ரஜன் 28, நாலு மோல் தண்ணி 72. கேள்வி எடுத்தவர் விவரமான ஆளு.

திருப்பத்தூர் ஆசிரியர்:
பள்ளி லேப்பில் ஒரு பாட்டில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு எரிமலையைச் செய்து காட்டலாமா?

ராணிப்பேட்டை லேப்:
வேண்டாம் சார். சிதையாத ஆரஞ்சுத் தூளும் சேர்ந்து பறக்கும். அது ஹெக்ஸாவேலன்ட், அதாவது +6 நிலை குரோமியம், மூச்சுல போனா புற்றுநோய் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். நாங்க தோலுக்குப் போடுற பேசிக் குரோமியம் சல்பேட் ட்ரைவேலன்ட், அதாவது +3 நிலை, அது வேற. ஐரோப்பாவுக்குப் போற, உடம்புல படுற தோல் பொருள்ல கிலோவுக்கு 3 மில்லிகிராம் ஹெக்ஸாவேலன்ட் இருந்தாலே விற்க முடியாது, 2015 மே மாசத்துல இருந்து அதான் சட்டம். அது இருக்கான்னு தெரிய டைஃபினைல் கார்பசைடு விட்டு, செவ்வூதா ஏறுதான்னு பார்ப்போம். இங்கே மூடிக்கிடக்கிற ஒரு குரோமேட் ஆலையோட கழிவுமேட்டுல இருந்து மஞ்சளா ஒழுகுறதும் இதே சனியன்தான்.

பிள்ளைங்களுக்கு இப்படிக் காட்டுங்க: சோதனைக்குழாய்ல ஒரு சிட்டிகை, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், லேசான சூடு. ஆரஞ்சு மஞ்சளாயிடும், டைகுரோமேட் குரோமேட்டாகுது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல தோய்ச்ச கண்ணாடித் தண்டைக் குழாய் வாய்கிட்டப் பிடிச்சா, அம்மோனியா வர்றதால வெள்ளைப்புகை கிளம்பும். அம்மோனியம், டைகுரோமேட்னு ரெண்டு அயனியும் ஒரே குழாய்ல மாட்டிக்கும். கையுறை கட்டாயம். மிச்சத்தை சிங்க்ல ஊத்தாதீங்க. அமிலமாக்கி சோடியம் மெட்டாபைசல்பைட் போடுங்க, பச்சையாகும். அப்புறம் சுண்ணாம்பு போட்டா அடியில படியும். அந்தக் கசடைத் தனி டப்பாவுல எடுத்து வையுங்க.